ஒயில் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரியின் முதல் தூறல் விழுந்ததும் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் ஒயில் மினுங்கத் தொடங்கும். சந்தி, பஸ் தரிப்பிடம், ஆலை வாசல், மீன் வாடி முன்பக்கம் என்று வாகனங்கள் நின்று புறப்படும் இடங்களில்தான் அது அதிகம். அவ்விடத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்குவதற்கு வேகம் தேவையில்லை. அந்த ஒயிலில் ஒரு பங்கு நம்முடைய பழைய கெப் வாகனங்களின் அடியிலிருந்து விழுந்தது. ‘பழைய வண்டி என்றால் ஒயில் ஒழுகத்தானே செய்யும்’ என்று சாரதிகளும், சில வேளை கராஜ்காரர்களுமே சொல்லிக்கொள்வதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் திறந்துவிட்டபோதும், வரியைக் கேட்டவர்கள் பழைய வண்டியையே தடவிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஆகவே 80களிலும் 90களிலும் வந்த ஹைலக்ஸ், எல்200, நிசான் கெப்கள்தான் இன்னும் படுவான்கரையிலிருந்து நெல் மூட்டையும் வாழைச்சேனையிலிருந்து மீன் பெட்டியும் ஏற்றுகின்றன. அந்த டீசல் எஞ்சின்கள் ஒரு சொட்டும் கீழே விடாமல் ஓடக்கூடியவை. பிரச்சினை எஞ்சினின் வயதில் இல்லை, நாம் ஒழுக்கைத் தேடுகிற முறையில் இருக்கிறது.

ஒரே கெப்புக்கு மூன்று முறை சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியும் ஒழுக்கு நிற்காமல் இருப்பதைப் பல கராஜ்களில் காணலாம். எந்த இடத்தில் சொட்டுகிறதோ அந்த இடத்துப் பாகத்தை மாற்றுவதுதான் காரணம். ஒயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்றும் விசிறியும் அதைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சினின் மேல் மூலையில் கசிந்தது பிளாக்கின் விளிம்பைப் பிடித்து நடந்து, கியர் பொக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். அதைப் பார்த்துவிட்டு கியர் பொக்ஸைக் கழற்றி கிராங்க் தண்டின் பின்பக்க சீல் மாற்றினால் இரண்டு நாள் கூலி போகும், ஒயில் பழையபடி சொட்டும்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஒயில்தானா என்று பார்க்கவேண்டும். இரவு வண்டியை நிறுத்தும்போது காட்போட் பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் கீழே விரியுங்கள். முன் சில்லுகள் இரண்டும் நிற்கும் இடத்தை மட்டையில் குறித்துவையுங்கள். விடிந்ததும் கறையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். டீசல் எஞ்சின் ஒயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும் என்பதால் கறுப்புக் கறை என்றால் எஞ்சின். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங். கந்தக நெடியோடு தடிப்பாக, பொன்னிறமோ மண்ணிறமோ இருந்தால் கியர் ஒயில். விரலுக்கு மெலிதாக, மட்டையில் பெரிய வட்டமாகப் பரவி, மணந்து பார்த்தால் டீசல் அடித்தால், டீசல் பம்பிலோ அதன் குழாயிலோதான் ஒழுக்கு. டீசல் பம்பின் ஒழுக்கு பழைய அழுக்கோடு கலந்து வழியும்போது பார்வைக்கு அப்படியே எஞ்சின் ஒயில் போலத்தான் இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள்.

அடுத்தது கழுவுதல். பத்து வருட அழுக்குக்கு மேல் டோர்ச் அடித்து யாராலும் ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மின்சாரம் உண்டாக்கும் ஒல்டனேட்டரையும் காற்று வடியின் வாயையும் பொலித்தீனால் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்து, சோப்புத் தூள் கரைத்த நீரால் அலசுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அமுக்க நீரைப் பாய்ச்சும் பழக்கம் இங்கே சில சேர்விஸ் நிலையங்களில் உண்டு. சூடாக ஓடிக்கொண்டிருக்கும் டீசல் பம்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் அதன் உடல் சுருங்கி உள்ளே சுழலும் பாகத்தை இறுகப் பிடித்துவிடக்கூடும். ஒழுக்கைத் தேடப்போய் பம்பை இழக்க வேண்டாம்.

காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களிலெல்லாம் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். எஞ்சின் தலையை மூடும் டெப்பெட் கவரின் சுற்று விளிம்பு, எஞ்சின் தலையின் பின்பக்கம், எஞ்சினின் முன்பக்க டைமிங் கவரின் கீழ்வாய், ஒல்டனேட்டரின் பின்புறம், ஒயில் பில்டர் அடி, எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்பு ஆகியவை கட்டாயம். பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து பாருங்கள், ஏனென்றால் சில ஒழுக்குகள் ஒயில் சூடாகி மெலிந்த பிறகுதான் வெளிவரும். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு இழுத்திருக்கும். பல இடங்களில் ஈரம் தெரிந்தால் எல்லாவற்றிலும் மேலே, எல்லாவற்றிலும் முன்னே இருக்கும் ஈரம்தான் ஊற்று. மற்றவை அதன் வழிச்சல். ஒயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் ஊதா ஒளி டோர்ச்சும் வைத்திருக்கும் கராஜ் என்றால் வேலை இன்னும் சுலபம். பவுடரும் பொறுமையும் இருந்தால் அதுவும் தேவைப்படாது.

ஊற்றைக் கண்டதும் ஸ்பனரை எடுக்கவேண்டாம். அதற்கு முன் பார்க்கவேண்டிய ஒன்றைத்தான் பெரும்பாலும் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். அது எஞ்சின் மூச்சுவிடும் குழாய், பிரீதர். பிஸ்டன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது டெப்பெட் கவரின் மேலுள்ள ரப்பர் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகும் பாதைக்குத் திரும்பவேண்டும். அந்தக் குழாயும் கவருக்குள் இருக்கும் தகட்டறையும் தார் போன்ற கசடால் அடைபட்டால், எஞ்சினுக்குள் அமுக்கம் ஏறி, எந்த சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஒயிலை வெளியே தள்ளும். அந்த சீல் மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். ‘ஒன்றை அடைத்தால் மற்றது திறக்கிறது’ என்று சாரதிகள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் போகவேண்டும். கவரைக் கழற்றும்போது தகட்டறையை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு அலசுங்கள். பிறகு எஞ்சின் சூடாகி நின்ற இடத்தில் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேல் தலைகீழாக வெறுமனே வையுங்கள். மூடி நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, துவாரத்திலிருந்து புகை தள்ளித் தள்ளி வந்தாலோ பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று சந்தேகிக்கவேண்டும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதை அளந்து பாருங்கள். ஹைலக்ஸின் எல் வகை எஞ்சின்களில் அது நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவில் இருக்கும். 20க்குக் கீழே இறங்கினாலும், சிலிண்டருக்குச் சிலிண்டர் 5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் அது சீல் மாற்றித் தீர்க்கிற விஷயமல்ல. வாகன உரிமையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது கராஜ்காரருக்கும் நல்லது.

இனி, கூடுதலாக ஒழுகும் இடங்கள். முதலிடம் டெப்பெட் கவருக்கு. அதன் விளிம்பில் அடைப்பாக இருக்கும் ரப்பர் கஸ்கெட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் விழாமல் பிளாஸ்டிக் போல இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கவரின் தகடுதான் வளையும். கவர் நட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையங்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். புதுக் கஸ்கெட் போட்டும் கவரின் மேல்தளம் நனைந்தால் குற்றவாளி அந்த வளையம்தான்.

மிற்சுபிசி எல்200இன் 4டி56 எஞ்சினில் இன்னொரு வில்லங்கம் உண்டு. எஞ்சின் தலையின் பின் முனையில், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு வெளியே எட்டிப் பார்க்கும் இடத்தில், பிறை வடிவ ரப்பர் துண்டு ஒன்று குந்தியிருக்கும். கைவிரல் நீளம்கூட இல்லை. அது காய்ந்து சுருங்கினால் ஒயில் தலையின் பின்சுவரில் இறங்கி, நேராகக் கியர் பொக்ஸ் சேரும் வாய்க்கே போய்ச் சேரும். மேலே நான் சொன்ன தேவையில்லாத கியர் பொக்ஸ் வேலைக்கு முக்கிய காரணம் இந்தப் பிறைத்துண்டுதான். எஞ்சினுக்கும் அதன் பின்னால் சாரதி அறையைப் பிரிக்கும் தகட்டுக்கும் இடையில் கை நுழையாது. ஆகவே சிறிய முகக்கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டி, டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். தலையின் பின்சுவர் காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரமென்றால்தான் பின் சீலைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றும் முறை இதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கவரின் நட்டுகளை வெளி முனையிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியத்தில் விழும் கீறல் நிரந்தர ஒழுக்காகிவிடும். பிறைத்துண்டை எடுத்து, அது அமரும் வளைவைத் தின்னர் நனைத்த துணியால் ஒயில் பசையே இல்லாமல் துடையுங்கள். வளைவில் மெல்லிய சிலிக்கன் பூசிப் புதுத்துண்டை அமர்த்தி, அதன் இரு முனைகளும் தலையின் தட்டையான பரப்பைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும் பத்து மில்லிமீற்றர் நீளத்துக்கு இன்னும் கொஞ்சம் வையுங்கள். கஸ்கெட்டின் மீதிப் பகுதி காய்ந்தபடியே இருக்கவேண்டும். ரப்பர் கஸ்கெட் முழுவதும் சிலிக்கன் அப்பினால் இறுக்கும்போது அது வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக.

எவ்வளவு இறுக்குவது? 5 முதல் 7 நியூட்டன் மீற்றர் போதும். டோர்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். கிடையாக நிற்கும் 25 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் முனையில் இரண்டரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு விசையோ, அவ்வளவுதான் 6 நியூட்டன் மீற்றர். நம்முடைய கை வழக்கமாகக் கொடுப்பது அதைவிட மூன்று நான்கு மடங்கு.

இரண்டாவது இடத்தைப் பலர் ஒயில் ஒழுகக்கூடிய இடமாகவே நினைப்பதில்லை. டீசல் எஞ்சினில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு வெக்குவம் பம்ப் வேண்டும். ஹைலக்ஸ் 2எல், 3எல், 5எல் எஞ்சின்களிலும், 4டி56இலும், நிசான் டிடி27இலும் அது ஒல்டனேட்டரின் முதுகில், அதே தண்டில் சுழலும்படி பூட்டப்பட்டிருக்கும். அது வழுக்கி ஓடுவதற்கு எஞ்சினிலிருந்து மெல்லிய குழாயில் ஒயில் வரும். வேலை முடிந்த ஒயில் தடித்த ரப்பர் குழாய் வழியே சம்ப்புக்குத் திரும்பும். ஆக, மின்சாரம் உண்டாக்கும் ஒரு பாகத்தின் முதுகில் அமுக்க ஒயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒழுக்கு நான்கு வழிகளில் வரும். மெல்லிய குழாயின் தலையில் துளையுள்ள போல்டும் அதன் இருபுறமும் செம்பு வளையங்களும் இருக்கும். ஒல்டனேட்டரை ஒருமுறை கழற்றிப் பூட்டும்போது பழைய வளையத்தையே போட்டால் அது இறுகி நசுங்கியதாக இருப்பதால் இனிப் பிடிக்காது. புது வளையம் கிடைக்காத இடத்தில் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். ஒரு முறைக்கு அது போதும். திரும்பும் ரப்பர் குழாய் காய்ந்து வெடிப்பது இரண்டாவது. அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்த் துண்டை மாட்டிவிடுவது வழக்கம். ஒயில் பட்ட தண்ணீர்க் குழாய் சில வாரங்களிலேயே ஊதி, பிசுபிசுத்துக் கழன்றுவிடும். ஒயிலுக்கென்று செய்த குழாயைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, அந்தக் குழாய் மடிந்தோ கசடால் அடைபட்டோ இருந்தால் ஒயில் திரும்ப வழியின்றிப் பம்பில் நிறைந்து சீல் வழியே தள்ளும். நான்காவதுதான் மோசமானது. பம்புக்கும் ஒல்டனேட்டருக்கும் இடையிலுள்ள தண்டு சீல் போனால் ஒயில் ஒல்டனேட்டருக்குள்ளேயே இறங்கும். உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகள் ஒயிலில் ஊறி, பற்றரி விளக்கு மங்கலாக எரியத் தொடங்கும். ஒல்டனேட்டரின் கீழ்ப்பக்கத் துவாரங்களில் கறுப்புப் பிசின் வடியும். கரித்துண்டை மாற்றிவிட்டு சீல் மாற்றாமல் விட்டால் அதே வேலை விரைவில் திரும்ப வரும். சீல் மாற்றிப் பூட்டும்போது பம்பின் ஒயில் வாயில் சிறிது எஞ்சின் ஒயில் விட்டுக் கையால் சுற்றிய பிறகே முதல் ஸ்டார்ட் செய்யவேண்டும். பம்ப் காய்ந்து ஓடினால் அதன் தகடுகள் கீறுப்படும், பிரேக் மிதி கல்லாகும்.

சின்னச் சின்ன இடங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒயில் பில்டர் மாற்றும்போது பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் புது வளையம் அமர்ந்தால், அமுக்கம் ஏறியதும் அது பிய்த்துக்கொண்டு முழு ஒயிலும் வீதிக்கு வரும். புது வளையத்தில் ஒயில் தடவி, தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. ஸ்பனர் வேண்டாம். சம்ப் போல்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வளையம் போடுங்கள். 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் போதும். புரி போன போல்டுக்கு நூல் சுற்றிப் பூட்டுவது வைத்தியமல்ல. ஒயில் அமுக்க ஸ்விட்ச் தன் மின் இணைப்பு வழியாகவே ஒழுகினால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. யப்பானிய எஞ்சின்களில் அதன் புரி கூம்பிப் போகும் வகை, அங்குலத்துக்கு 28 புரி. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் அமெரிக்க வகையில் 27 புரி. அதைப் போட்டு இறுக்கினால் முதல் இரண்டு சுற்று இனிமையாகப் போகும், பிறகு பிளாக்கின் புரியையே தின்றுவிடும்.

எஞ்சினின் முன்பக்க ஒழுக்குக்குத் தனி அவசரம் உண்டு. ஹைலக்ஸ் எல் வகை எஞ்சினிலும் 4டி56இலும் கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் ஓடுகிறது. கிராங்க் முன் சீலோ கேம் சீலோ ஒழுகினால் ஒயில் விழுவது அந்தப் பெல்ட்டின் மேல். 4டி56இல் நடுக்கம் குறைக்கும் தண்டுகளுக்கென்று இரண்டாவது சிறிய பெல்ட்டும், அவற்றுக்குத் தனி சீல்களும் உண்டு. ஒயில் குடித்த பெல்ட் ஊதி, பல் உரிந்து அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். டைமிங் கவரின் கீழ்வாயில் ஈரம் தெரிந்த வண்டியை ‘அடுத்த சேர்விஸில் பார்ப்போம்’ என்று நீண்ட ஓட்டத்துக்கு அனுப்பாதீர்கள். ஒயில் பட்ட பெல்ட்டைக் கழுவிப் பூட்ட முடியாது. சீல், பெல்ட், இழுவைச் சக்கரம் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே கணக்கு. நிசான் டிடி27இல் பெல்ட் இல்லை, பற்சக்கரங்கள்தான். ஆனால் அதில் டீசல் பம்பின் முன் சீல் போனால் டீசல் வெளியே வராமல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கும். ஒயில் கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகும். மெலிந்த ஒயில் எல்லா விளிம்பிலும் கசியும். மட்டம் ஏறுகிற எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.

சீல் பூட்டும் வேலையில் பிழைகள் பெரும்பாலும் அவசரத்தால் வருபவை. சீலில் சுருள்கம்பி தெரியும் பக்கம் ஒயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்கவேண்டும். தண்டைத் தொடும் உள் விளிம்பான உதட்டில் எஞ்சின் ஒயில் தடவுங்கள். சீலின் வெளி விட்டத்துக்குச் சமமான இரும்புக் குழாய்த் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் நின்றால் உதடு சாய்ந்து அன்றைக்கே ஒழுகும். பழைய சீல் ஓடிய இடத்தில் தண்டைச் சுற்றி நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால், எவ்வளவு விலைகூடிய சீல் போட்டாலும் அந்தக் குழிக்கு மேலே உதடு மிதக்கும். இடம் இருந்தால் புது சீல் இரண்டு மில்லிமீற்றர் முன்னோ பின்னோ அமரும்படி பூட்டலாம். இல்லாவிட்டால் தண்டின் மேல் ஏற்றும் மெல்லிய உருக்கு வளையம் போடவேண்டும். உதிரிப்பாகக் கடையில் எஞ்சின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய சீல் கொண்டுபோய் உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். உதட்டில் சாய்வான வரிகளும் அம்புக்குறியும் இருந்தால் அது ஒரு திசைச் சுழற்சிக்கு மட்டும் ஆனது. மாறிப் பூட்டினால் அந்த வரிகளே ஒயிலை வெளியே இறைக்கும்.

பின் சீல்தான் ஒழுகுகிறது என்று உறுதியான பிறகு கியர் பொக்ஸைக் கழற்றினால், அதே நேரத்தில் கியர் பொக்ஸின் முன் சீல், கிளச் பெயாரிங் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பின் சீல் பூட்டியிருக்கும் தட்டின் கஸ்கெட்டையும் விடவேண்டாம், பாதி வேளைகளில் ஒழுகுவது அதுதான். ஒயில் ஊறிய கிளச் தட்டைப் பெற்றோலில் கழுவிக் காயவைத்துப் போட்டால், ஏற்றத்தில் நெல் மூட்டையோடு ஏறும் முதல் நாளே வழுக்கும்.

சம்ப் விளிம்புக்கு வருவோம். ஹைலக்ஸ் போன்ற பலவற்றில் இங்கே கஸ்கெட்டே கிடையாது, சிலிக்கன்தான். அதனால்தான் அதிகமாக அப்புகிறார்கள். வெளியே பிதுங்கித் தெரிவதைப்போலவே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்த உள் பிதுக்கம் பிய்ந்து ஒயில் பம்பின் வலையில் போய் ஒட்டினால் ஒழுக்கு நிற்கும், எஞ்சினும் நிற்கும். சிலிக்கன் கோட்டின் தடிப்பு 3 முதல் 5 மில்லிமீற்றர். போல்ட் துளையின் உட்பக்கமாக, இடைவெளியில்லாமல் ஒரே கோடாக இழுத்து, ஐந்து நிமிடத்துக்குள் சம்ப்பை ஏற்றிவிடவேண்டும். தோல் பிடித்த சிலிக்கன் ஒட்டாது. ஏற்றுவதற்கு முன் சம்ப்பின் விளிம்பைக் கண்மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பு அதிகமாக இறுக்கியதால் ஒவ்வொரு போல்ட் துளையும் குமிழ் போல மேலே எழும்பியிருக்கும். தட்டையான மரக்குற்றியில் கவிழ்த்துவைத்துக் குமிழ்களைத் தட்டிச் சமமாக்காவிட்டால், துளைக்குத் துளை நடுவே ஒயில் வழி கிடைத்துக்கொண்டே இருக்கும். 6 மில்லிமீற்றர் போல்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீற்றர். ஒயில் விட இரண்டு மணித்தியாலமாவது பொறுங்கள், ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது. கடற்கரை மணலில் இறங்கி மீன் ஏற்றும் கெப்களில் சம்ப் துருப்பிடித்து ஊசித் துளை விழுவதும் உண்டு. அதற்கு வெளியே பசை அப்புவது நிற்காது. கழற்றி, கழுவி, வெல்டிங் வைக்கவேண்டும் அல்லது வேறு சம்ப் போடவேண்டும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகள் சிலவற்றில் முன் டிஃபை (முன் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) இறக்காமல் சம்ப் வெளியே வராது. அடியில் படுக்கும்போது ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டான்ட் வையுங்கள்.

ஒழுக்கை நிறுத்த எஞ்சின் ஒயிலில் பிரேக் ஒயில் கலக்கும் கைவைத்தியம் இன்னும் நடக்கிறது. அது ரப்பரை ஊதவைக்கும், சில நாள் ஒழுக்கு நின்றதுபோலத் தெரியும். பிறகு எல்லா சீலும் ஒன்றாகக் களியாகும். 15டபிள்யூ-40 ஒயிலில் ஓடவேண்டிய எஞ்சினுக்கு அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 விடுவதால் சொட்டு கொஞ்சம் குறையலாம், ஊற்று அடைபடாது. மட்டத்தை மேல் கோட்டுக்கு மேலே நிரப்பி வைப்பதோ ஒழுக்கைக் கூட்டத்தான் செய்யும்.

எவ்வளவு ஒழுக்கு அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒயில் ஏறத்தாழ 25 சொட்டு ஒரு மில்லிலீற்றர். எஞ்சின் ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 14 மில்லிலீற்றர் போகும். ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடும் வண்டியில் ஒரு கிழமைக்கு ஒரு லீற்றர். சிவப்பு ஒயில் விளக்கு இதைக் காட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த விளக்கு அளவைப் பார்ப்பதில்லை, அமுக்கத்தை மட்டுமே பார்க்கிறது. அது எரியும்போது பெயாரிங்குகள் ஏற்கெனவே காய்ந்துவிட்டன. காலையில் ஸ்டார்ட் செய்யமுன் ஒயில் கம்பியை இழுத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

இந்த வேலைகளில் ஒழுகும் ஒயிலையும் கழற்றும் ஒயிலையும் வாய்க்காலில் விட்டால் அது போய்ச் சேருவது வாவிக்கு. நம்முடைய ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும் உமியை ஒரு சாக்கு கராஜில் வைத்திருந்தால் நிலத்தில் கொட்டியதை அது உறிஞ்சிவிடும். வடித்த ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்துப் பழைய ஒயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். எஞ்சினை மண்ணெண்ணெயில் கழுவிய நீரை வாவிக்கரையில் விடாதீர்கள்.

வாகன உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து கெப்பை எடுக்கும்போது, கழற்றிய சீல்களையும் கஸ்கெட்டுகளையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சீலின் உதடு கூர்மையாக, ரப்பர் வளைந்து கொடுத்தபடி இருந்தால் அது ஒழுகிய சீல் அல்ல, வேறெங்கோ ஒழுக்கு இருக்கிறது. உதடு தட்டையாகப் பளபளத்து, நகத்துக்கு இடம் கொடுக்காமல் இறுகி, அல்லது சுருள்கம்பி கழன்றிருந்தால் சரியான பாகத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.